பிரித்தானியப் படைகளில் ஒரு தடையும் அதன் நீக்கமும்

2000ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆந் திகதி, பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த ஜெஃப் ஹூன் பொதுமக்கள் சபையில் எழுந்து ஓர் அறிவித்தலை வாசித்தார். ஆணிடத்து நாட்டங்கொண்ட ஆணும், பெண்ணிடத்து நாட்டங்கொண்ட பெண்ணும் அந்நாட்டுத் தரைப்படையிலோ, கடற்படையிலோ, விமானப்படையிலோ சேவை செய்தல் கூடாது என்றிருந்த தடை அன்றுமுதல் நீங்கியது என்பதே அவ்வறிவித்தலின் சாரம். தடை நீங்கியது என்றால், இத்தகையோர் அதற்குமுன் அப்படைகளில் இருக்கவில்லை என்பது பொருளன்று. இருந்தார்கள், மறைந்து இருந்தார்கள். அன்றுமுதல் மறையாது இருக்கலாம் என்பதே புதுமை. தன்பாலீர்ப்பாளர் என்று இக்காலத் தமிழ் இவர்களுக்கு வழங்கும் பெயரையே இப்பேச்சில் நானும் கையாளுகிறேன்.

இத்தடையின் வேர் மிக ஆழமானது. கப்பலிலே ஆணும் ஆணும் கூடுதல் மரணதண்டனைக்குரிய குற்றம் என்று ஆங்கிலக் கடற்படையின் போர்ச் சட்டம் விதித்திருந்தது. 1749இல் அச்சட்டம் திருத்தி எழுதப்பட்டபோதும் இவ்விதி மாறவில்லை. அஃது ஏட்டளவில் நின்ற விதியுமன்று. நெப்போலியனுடன் நடந்த யுத்தம் முடிந்து ஓராண்டும் நிரம்பாத 1816ஆம் ஆண்டில், 'ஆபிரிக்கேன்' என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்த நால்வர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர். கரையிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் இக்குற்றத்துக்காகக் கடைசியாக இருவர் தூக்கிலேறியது 1835இல். மரணதண்டனை நீக்கப்பட்டது 1861இல். தூக்குக்கயிறு போனபின் சிறைச்சாலை அவ்விடத்துக்கு வந்தது.

பிரித்தானிய ஆட்சி சென்ற இடமெல்லாம் இச்சட்டமும் கூடவே சென்றது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் அவ்வழியே வந்தவை. அக்கோவை 1883ஆம் ஆண்டினது. அப்பிரிவுகளை மாற்றக் கொண்டுவரப்பட்ட சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயின் இன்றைய பேச்சின் பொருள் அந்நாட்டுப் படைகளே, அங்கேயே திரும்புவோம்.

இரண்டாவது மகாயுத்தம் வந்தபோது ஆட்பலம் வேண்டியிருந்தது. ஒருவன் யாரை நேசிக்கிறான் என்று துருவிப் பார்க்க அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை. அக்காலத்து விமானப்படை வீரருள் இயன் கிளீட் என்பவர் புகழ்பெற்றவர். 1940இல் இங்கிலாந்தின் வானைக் காத்த போரிலே எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்தி விருதுகள் பெற்றவர். 1942இல் தம் போர் அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலிலே பாம் என்றொரு காதலி வருகிறாள். அவள் வெறும் கற்பனை. 1943 ஏப்ரலில், துனீசியாவுக்கு அண்மையிலே, கிளீட் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை அவரோடு பறந்த தோழர் ஒருவர் 1990களிலேதான் உலகறியச் சொன்னார். வானத்திலே எதிரிக்கு அஞ்சாத ஒருவருக்குத் தரையிலே காவலாக ஒரு பொய்க் காதலி தேவைப்பட்டாள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவ்யுத்தத்தில் ஜேர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைக்கத் துணைநின்ற கணித மேதை அலன் ரியூறிங்கின் கதையை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். அவர் படைவீரரல்லர், எனினும் படைகளின் வெற்றிக்கு உழைத்தவர். 1952இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, இரகசியப் பணிக்கான அனுமதியையும் இழந்து, 1954இல் இறந்தார். முடியின் மன்னிப்பு 2013இல் வந்தது.

1957ஆம் ஆண்டில் உல்ஃபென்டன் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. வயதுவந்த இருவர் தம் முழுச் சம்மதத்துடன் தனிமையிற் செய்வதில் குற்றவியற் சட்டத்துக்கு அலுவலில்லை என்பது அதன் முடிவு. பத்தாண்டு வாதப்பிரதிவாதத்தின் பின், 1967இல், லியோ ஆப்ஸ் பொதுமக்கள் சபையிலும் அரன் பிரபு பிரபுக்கள் சபையிலும் நின்று முயன்றதனால் அம்முடிவு சட்டமாயிற்று. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்கள் இருவர் தனிமையில் ஒன்றுசேர்தல் இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமாகாது போயிற்று. ஆனால் அச்சட்டத்துள்ளே ஒரு விலக்கு இருந்தது. ஆயுதப் படையினருக்கும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் இச்சலுகை இல்லை. ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழும் இருவருள், கடைக்காரன் செய்தாற் குற்றமில்லாதது படைவீரன் செய்தாற் குற்றமாயிற்று.

பெண்கள் நிலை இதனினும் விசித்திரமானது. பெண்ணும் பெண்ணும் நேசித்தல் இங்கிலாந்தின் குற்றவியற் சட்டத்தில் என்றுமே குற்றமாக இருந்ததில்லை. இருந்தும் படைகளின் பெண்கள் பிரிவுகளிலிருந்து அவர்களும் விலக்கப்பட்டனர். சட்டம் குற்றமென்று சொல்லாத ஒன்றுக்காக உத்தியோகம் போயிற்று.

எவ்வாறு போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பெயரில்லாக் கடிதம் ஒன்று வரும். அல்லது பகைகொண்ட ஒருவர் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லுவார். படைப் பொலிஸார் வந்து அறையைச் சோதனையிடுவர். பெட்டியிலுள்ள கடிதங்கள், புகைப்படங்கள், நாட்குறிப்பு யாவும் எடுத்துச் செல்லப்படும். பின்னர் மணிக்கணக்காக விசாரணை. வேறு யார் யார் என்று பெயர் கேட்பர். சிலர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுச் சிறைக்குப் போயினர். வேறு சிலர் நோயாளரென எண்ணப்பட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டோரும் இருந்தனர். இறுதியிலே சேவை நீக்கம். பதக்கம் போனோரும் உண்டு, ஓய்வூதியம் போனோரும் உண்டு. வீட்டார் அதுவரை அறியாதிருந்ததைப் படையினர் அனுப்பிய செய்தியினாலே அறிந்து, பிள்ளையை வாசற்படி ஏறவிடாத குடும்பங்களும் இருந்தன.

இவ்விடத்தில் நேயர் ஒருவர் கேட்கக்கூடும்: இத்தனைக்கும் படைத் தலைவர்கள் சொன்ன நியாயந்தான் என்ன? அதனை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஆதியிலே சொன்ன காரணம், எதிரியின் உளவாளிகள் இத்தகையோரை மிரட்டி இரகசியங்களைப் பறிப்பார்கள் என்பது. இதில் ஒரு வேடிக்கையுண்டு. மறைக்கவேண்டிய ஒன்று இருப்பவனைத்தான் மிரட்டலாம். மறைக்கச் செய்ததோ அத்தடையே. இவ்வாதம் நாளடைவிற் தேய்ந்துபோயிற்று. எஞ்சி நின்ற காரணம் வேறு. படையென்பது பிற உத்தியோகங்களைப் போன்றதன்று, ஒரே கூடாரத்தில், ஒரே கப்பலறையில், ஒரே பதுங்குகுழியில் மாதக்கணக்காக வாழ்வது, அங்கே தன்பாலீர்ப்பாளர் இருப்பது தெரியவந்தால் மற்றையோர் மனம் ஒப்பாது, ஒற்றுமை குலையும், ஒற்றுமை குலைந்தாற் போரிலே உயிர்கள் போகும். இதுவே அந்நியாயம். போர்க்களம் கண்ட அதிகாரிகள் பலர் இதனை மனப்பூர்வமாகவே நம்பினர். அவர்களை வெறும் கொடியவர்கள் என்று தள்ளிவிடுதல் வரலாற்றுக்கு அழகன்று.

ஆயினும் அந்நம்பிக்கைக்கு மாறான காட்சியொன்று அவர்கள் கண்முன்னே நிகழ்ந்திருந்தது. 1982இல் போக்லண்ட் தீவுகளின் யுத்தத்துக்குப் படைகளைக் கொண்டுசெல்ல, 'நோர்லாண்ட்' என்னும் பயணிகள் கப்பலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அக்கப்பலின் பணியாளருள் ஒருவர் ரோய் கிப்சன். 'வெண்டி' என்ற பெண் பெயராலே கப்பலில் அழைக்கப்பட்டவர். தம் இயல்பை ஒளிக்காதவர். கப்பலில் ஏறியவர்களோ பரசூற் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த முரட்டு வீரர்கள். முதலில் ஏளனம் இருந்தது. பின்னர், தென் அத்திலாந்திக்கை நோக்கிய அந்நெடும் பயணத்தில், கிப்சன் பியானோ வாசிக்க, வீரர்கள் சூழ்ந்து நின்று பாடத் தொடங்கினர். நாளடைவில் அவரைத் தங்களில் ஒருவராகவே கொண்டனர். ஒற்றுமை அங்கே குலையவில்லை. வணிகக் கப்பல் மாலுமி என்ற வகையில், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகை மறுக்கப்பட்டவர்களுள் கிப்சனும் ஒருவர் என்பது நினைவிருக்கட்டும்.

1991இல், படையிலிருந்து விலக்கப்பட்டோர் சிலர் ஒன்றுகூடிச் சங்கமொன்றை அமைத்தனர். அதனைத் தொடங்கியோருள் ரொபேட் ஈலி என்பவர் பரசூற் படைப்பிரிவிற் பாண்டு வாத்தியக் குழுவின் தலைவராயிருந்தவர். எலேன் சேம்பர்ஸ் இராணுவத் தாதியாயிருந்தவர். 1994இல் பாராளுமன்றம் படையினர்க்கிருந்த குற்றவியல் விலக்கை நீக்கிற்று. இனிச் சிறையில்லை, ஆனால் சேவை நீக்கம் முன்போலவே தொடரலாம் என்று அதே சட்டம் சொல்லிவைத்தது.

அக்காலப்பகுதியிலேதான் இக்கதையின் முக்கிய மாந்தர் நால்வரும் அகப்பட்டனர். ஜெனற் ஸ்மித், 1989இல் விமானப்படையிற் சேர்ந்த தாதி. கிறேயம் கிறேடி, 1980இற் சேர்ந்து சார்ஜன்ற் பதவிக்கு உயர்ந்து, வாசிங்டனிலே பிரித்தானியப் பாதுகாப்புப் புலனாய்வுத் தொடர்பலுவலகத்திற் பணியாற்றியவர். மணமாகிப் பிள்ளைகளைப் பெற்றவர். டங்கன் லஸ்டிக்-பிறீன், கடற்படையில் லெப்டினன்ற் கொமாண்டர். ஜோன் பெக்கற், கடற்படைப் பொறியியற் பிரிவின் இளம் மாலுமி. நால்வருடைய சேவைக் குறிப்பிலும் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஸ்மித்தின் விவகாரம் முகந்தெரியாத ஒரு பெண் தொலைபேசியிற் சொன்ன சொல்லிலிருந்து தொடங்கிற்று. தம் இயல்பை அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின்னும் விசாரணை நிற்கவில்லை. துணைவியோடு வாழ்ந்த வாழ்க்கையின் அந்தரங்கங்களை எல்லாம் கேட்டனர். அவர்கள் பொறுப்பில் வளர்ந்த பெண்பிள்ளையைப் பற்றியும் கேட்கத்தகாத கேள்வி கேட்டனர். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னும் இவையெல்லாம் எதற்காக என்று எவரும் வினவலாம். சொல்வது மெய்தானா என்று அறிய வேண்டியிருந்தது, சேவையை விட்டு விலகுவதற்காகப் பொய்யாகத் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று கூறுவோரும் உண்டு என்று அரசாங்கத் தரப்பிற் பின்னர் விடை கூறப்பட்டது. விலக விரும்பாது கண்ணீரோடு நின்றவர்களிடத்து இவ்விடை எவ்வளவு பொருந்தும் என்பதை நேயர்களின் சிந்தனைக்கே விடுகிறேன்.

நால்வரும் இலண்டன் மேல் நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். 1995 யூன் மாதத்தில் தீர்ப்பளித்த சைமன் பிரவுண் நீதியரசர், வாதங்களின் வலிமை மனுதாரர் பக்கமே என்று தாம் கருதுவதை மறைக்கவில்லை. இருந்தும் அவர்களுக்குத் தோல்வியே விதித்தார். ஆங்கிலச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் கொள்கை சரியா பிழையா என்று பார்ப்பது நீதிபதியின் வேலையன்று. அறிவுடையோர் எவரும் ஏற்கமுடியாத அளவுக்கு அது பொருத்தமற்றதாயிருந்தால் மட்டுமே அவர் தலையிடலாம். நவம்பர் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர் சேர் தோமஸ் பிங்கமும் அவ்வாறே தீர்த்தார். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் ஆதரித்த கொள்கையை அறிவுக்கு ஒவ்வாதது என்று ஒரு நீதிமன்றம் எப்படிக் கூறும் என்பது அவர் நிலைப்பாடு. பிரபுக்கள் சபைக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை.

வழக்கு நடக்கும்போதே பாதுகாப்பு அமைச்சு ஓர் ஆய்வுக் குழுவை நியமித்தது. 1996இல் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. இவ்வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் வியக்கச் செய்த ஆவணம் அதுவே. தன்பாலீர்ப்பாளர் உடல் வலிமையிலோ, துணிவிலோ, நம்பகத்திலோ, திறமையிலோ மற்றையோரிலும் குறைந்தவரல்லர் என்று அவ்வறிக்கை ஒத்துக்கொண்டது. பின் ஏன் தடை? படையினரிடம் கருத்துக் கேட்டோம். பெரும்பான்மையோர் இவர்களோடு சேர்ந்து பணியாற்ற விரும்பவில்லை. ஆகவே தடை நிற்கட்டும் என்றது அக்குழு. விலக்கப்படுபவரிடத்துக் குறையில்லை, குறை பார்க்கிறவர் மனத்திலே உள்ளது, ஆயினும் வெளியேற வேண்டியவர் விலக்கப்படுபவரே. இவ்வளவு தெளிவாக ஓர் அநீதி தன்னைத்தானே எழுதிவைத்த சந்தர்ப்பம் அரிது.

நால்வரும் ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1999 செத்தெம்பர் 27ஆந் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. விசாரணைகளும் சேவை நீக்கமும் மனிதனின் தனிவாழ்வுக்குரிய மதிப்பை மீறியவை என்று நீதிமன்றம் கண்டது. ஆய்வுக் குழு திரட்டிய கருத்துக்களைப் பற்றி அது கூறியதே தீர்ப்பின் உயிர்நாடி. பெரும்பான்மையினர் ஒரு சிறுபான்மையினர்மீது முன்கூட்டியே கொண்ட வெறுப்பு, அச்சிறுபான்மையினரின் உரிமையைப் பறிக்கப் போதிய காரணமாகாது. வேறு இனத்தவர்மீதும் வேறு நிறத்தவர்மீதும் கொண்ட வெறுப்பு எவ்வாறு காரணமாகாதோ அவ்வாறே இதுவும் என்றது. பெண்களும் கறுப்பினத்தவரும் படையிற் சேர்க்கப்பட்டபோது எழுந்த இடர்களை ஒழுக்க விதிகளாற் சமாளித்த அதே படை, இதனைமட்டும் ஏன் சமாளிக்கமுடியாது என்றும் கேட்டது. ஆங்கில நீதிமன்றங்கள் தமக்குத்தாமே வைத்திருந்த அளவுகோல் மிக உயரமாக இருந்தமையால், ஸ்மித்தும் கிறேடியும் தம் நாட்டிலே பயனுள்ள பரிகாரம் பெறமுடியாது போயிற்று என்றும் தீர்த்தது.

அதன்பின் நான்கு மாதமும் முழுமையாகச் செல்லவில்லை. ஹூன் எழுந்து வாசித்த அறிவித்தல் வந்தது. தடைக்குப் பதிலாக எல்லோர்க்கும் பொதுவான ஓர் ஒழுக்கக் கோவை வந்தது. ஆணாயினும் பெண்ணாயினும், யாரை நேசிப்பவராயினும், படையின் பணிக்கு ஊறு செய்யும் நடத்தை குற்றம். ஊறு செய்யாதது குற்றமன்று. பிரிகேடியர் ஒருவர் பதவி துறந்தார். ஆட்கள் கூட்டங்கூட்டமாக விலகுவர் என்று எச்சரித்தோர் எதிர்பார்த்த ஏனையோர் எவரும் வரவில்லை. மாதங்கள் சில கழித்து அமைச்சே நிலைமையை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க இடர் எதுவும் எழவில்லை என்று கண்டது. எதிர்பார்த்த பூகம்பம் ஒரு கோப்பையையும் அசைக்கவில்லை.

இதனை முன்கூட்டியே அறிந்திருக்க வழியிருந்தது. நெதர்லாந்து 1974இலேயே தடையை நீக்கியது; கனடாவும் அவுஸ்திரேலியாவும் 1992இல் நீக்கின. அமெரிக்காவோ 1993இல் ஒரு நடுவழியைத் தேடிற்று. அதிகாரிகள் கேட்கவும் கூடாது, வீரர் சொல்லவும் கூடாது என்ற அவ்வழி மறைந்து வாழ்தலையே சட்டமாக்கிற்று. சொன்னவரை நீக்கும் வழக்கம் அங்கே தொடர்ந்தது. 2011 செத்தெம்பர் 20ஆந் திகதியே அது முடிவுக்கு வந்தது.

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் சேர்ந்தவர்களுக்குக் கதவு திறந்தது. முன்னே தள்ளப்பட்டவர்கள் தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றனர். கடற்படையில் ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டு வானொலித் தொடர்பாளராகப் பணியாற்றி, போக்லண்ட் யுத்தத்தையும் கண்ட ஒருவர், 1993இல் வெளியேற்றப்பட்டபோது அவருடைய நெடுஞ்சேவைக்கும் நன்னடத்தைக்குமான பதக்கம் பறிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற அவர் அமைச்சின்மேல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2020 சனவரியிலே, இருபத்தாறு ஆண்டுகளுக்குமேற் கழிந்தபின், பதக்கம் அவர் கைக்கு வந்தது. அவரைப் போன்ற ஏனையோரும் விண்ணப்பிக்கும் ஏற்பாடு அடுத்த ஆண்டில் உண்டாயிற்று.

1967 முதல் 2000 வரை நடந்தவற்றை ஆராய 2022இல் எதெற்றன் பிரபு நியமிக்கப்பட்டார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறையாத நீதிபதி அவர். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒருகாலம் பிங்கம் வகித்த அதே தலைமைப் பதவியை 2016 முதல் 2021 வரை வகித்தவர். அப்பதவியிலிருந்து 1995இல் சட்டம் சொல்ல இயலாது போனதை, ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து, அதே பதவியிலிருந்து இளைப்பாறிய ஒருவர் சொல்ல நேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவருக்குத் தம் கதைகளை எழுதினர். 2023 யூலை 19ஆந் திகதி அறிக்கை வெளியானபோது, பிரதம மந்திரி ரிஷி சுனாக் பாராளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். அறிக்கை நாற்பத்தொன்பது பரிந்துரைகளைக் கூறிற்று. அவற்றுள் ஒன்று நட்டஈடு. 2024 திசெம்பரில் ஏழரைக் கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டு, தம் இயல்பு காரணமாக நீக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐம்பதினாயிரம் பவுண் என்று வரையறுக்கப்பட்டது. விண்ணப்பித்தோருள் முதுமையினாலும் நோயினாலும் தளர்ந்தோர் பலர் இருந்தமையால், அவர்களது மனுக்களை முதலிற் கவனிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பரிந்துரை நினைவுச் சின்னம். இங்கிலாந்தின் ஸ்ராபோட்சயர் மாவட்டத்திலே, படைகளில் உயிர்நீத்தோர்க்கென மரங்கள் நட்டு வளர்க்கப்படும் தேசிய நினைவுச் சோலையில் அது நிறுவப்பட்டது. 2025 ஒற்றோபர் 27ஆந் திகதி மன்னர் சாள்ஸ் அதனைத் திறந்துவைத்தார். எதெற்றன் பிரபு அதைக் காணவில்லை; அவ்வாண்டு மே மாதத்திலேயே காலமாகிவிட்டார். சின்னம் வெண்கலத்தால் ஆனது. கசக்கி எறிந்து, பின் எடுத்து விரித்த ஒரு கடிதத்தின் வடிவம். படைப் பொலிஸார் பெட்டிகளிலிருந்து எடுத்துச் சென்ற கடிதங்களை அது நினைவூட்டுகிறது. அதன் மடிப்புக்களிலே, விலக்கப்பட்டோர் தம் கதைகளிற் கூறிய சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.